ஏழாம் எண் சிவக்கவில்லை

ஜெயமலர் அந்தப் பெயரை வேண்டுமென்றேதான் பிழையாகத் தட்டினாள். ஷாமிலா என்ற பெயரில், ஆங்கிலத்தில் ஒரு ‘எல்’ வர வேண்டிய இடத்தில் இரண்டு போட்டாள். கோப்பைச் சேமித்துவிட்டு, மேசைக்கு எதிரே குடையோடு நின்ற பெரியவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“பதிஞ்சாச்சுங்க ஐயா. மக பேசினா இந்த ஏழாம் நம்பர் செவக்கும். ஒடனே ஒங்க போனுக்கு மிஸ்ட் கோல் தாரேன்.”

“மறந்திராத புள்ள. வெள்ளிக்கிழமை மட்டுந்தான் அவளுக்கு லீவு. பதினொண்ணுல இருந்து ஒரு மணிக்குள்ளதான் வருவா.”

“நான் மறந்தாலும் கம்பியூட்டர் மறக்காதுங்க.”

அவர் படியிறங்கிப் போனார். பெயர் சிவசாமி. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பத்தொரு வருடம் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெயமலர் பிறந்து வளர்ந்ததும் அதே தோட்டத்தில்தான். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அவளுக்கு அவரைத் தெரிந்தது.

இது 2008 ஓகஸ்டில் நடந்தது. ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, புடவைக் கடைக்கு மேல்மாடியில் சின்னராசா நடத்திய கொமியூனிகேஷன் என்ற போன், இன்டர்நெட் கடையில் அப்போது ஐந்து கணினிகள் இருந்தன. நான்கு வருகிறவர்களுக்கு. ஐந்தாவது, இருப்பதிலேயே பழையது, ஜெயமலருக்கு. வருகிற பென்டிரைவோடெல்லாம் வைரஸ் வந்து அது வாரத்துக்கு ஒருமுறை படுத்தது. ஹட்டனில் கணிதம் படிப்பித்த சஞ்சயன் என்ற யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருநாள் அதில் லினக்ஸைப் போட்டு, கூடவே திரையில் ஜன்னல்களை அடுக்கும் சின்ன நிரல் ஒன்றையும் போட்டுக் கொடுத்தார். அடுத்த மாதமே இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மீதியை உதவிப் பக்கங்களைப் படித்து அவளே பிடித்துக்கொண்டாள்.

அந்த நிரலில் ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதில்லை. தோட்டத் தொழிலாளர் லயத்துக் காம்பராக்கள் மாதிரி சுவரோடு சுவர் ஒட்டி, திரை முழுவதையும் பங்கு போட்டுக்கொள்ளும். இடம் போதாவிட்டால் அடுத்த லயத்துக்கு, அதாவது அடுத்த திரைக்குப் போகலாம். ஒன்று முதல் ஒன்பது வரை அவற்றின் எண்கள் திரையின் மேல் பட்டையில் இருக்கும். இரண்டாம் எண்ணில் வேலை செய்துகொண்டிருக்கும்போது ஏழாம் எண்ணில் உள்ள ஒரு ஜன்னல் ‘அவசரம்’ என்று கூப்பிட்டால், பட்டையில் ஏழு சிவக்கும். எல்லாம் விசைப்பலகையிலேயே நடக்கும்.

சின்னராசா முதல் நாள் பார்த்துவிட்டு, “என்னம்மா இது, மவுசத் தொடாம ஒரு கம்பியூட்டரு. வாலில்லாத மாடு மாதிரி இருக்கு” என்றார்.

“வாலா மொதலாளி பால் குடுக்குது?”

பால் கொடுத்தது. டோஹாவுக்கும் குவைத்துக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, மணிக்கணக்கில் கணினி முன் உட்கார வசதியில்லாதவர்கள் ஜெயமலரிடம் வந்தார்கள். அவர்களுடைய சாட் கணக்கை அவள் தன் கணினியில் திறந்து வைத்திருப்பாள். பிள்ளை பேசினால் எண் சிவக்கும். அவள் மிஸ்ட் கோல் கொடுப்பாள். கடைத்தெருவில் மரக்கறி வாங்கிக்கொண்டிருக்கும் தாய் மாடியேறி வருவாள்.

முதல் வாரத்திலேயே அது கெட்டது. தெரியாத எவனோ ‘ஹாய்’ என்றாலும் அவசரம். விளம்பரம் வந்தாலும் அவசரம். பகல் பன்னிரண்டுக்குள் ஒன்பது எண்களும் சிவந்து கிடந்தன. குவைத்திலிருந்து வந்த ஒரு மகளின் செய்தியை அவள் கவனிக்கவே இல்லை. அன்று கடை மூடும்வரை உட்கார்ந்து ஒரு விதி எழுதினாள். தனிக் கோப்பு, வரிக்கு ஒரு பெயர். சாட் ஜன்னலின் தலைப்பில் அந்தப் பெயர் எழுத்துக்கு எழுத்து இருந்தால் மட்டும் சிவப்பு; இல்லாவிட்டால் கூப்பிட்ட தடமே இல்லாமல் துடைத்துவிடு. அதன் பிறகு அந்த மாடியில் யாருடைய அவசரம் அவசரம் என்பதை அந்தக் கோப்பு தீர்மானித்தது. கோப்பை எழுதுகிறவள் ஜெயமலர்.

ஒரு காலத்தில் அதைத் தீர்மானித்தவர் சிவசாமி.

1999இல் தோட்டத்துப் பள்ளிகளுக்கு ஆசிரியர் எடுப்பதாக அறிவித்தார்கள். ஜெயமலருக்கு இருபது வயது. சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு. நேர்முகத் தேர்விலும் தேறிவிட்டாள். பிறப்புச் சான்றிதழில்தான் ஆங்கிலப் பெயரின் கடைசி ‘ஆர்’ இல்லை. தோட்டத்துப் பிறப்புகளை எழுதி அனுப்பியது சிவசாமியின் கை, ஜெயமலர் ஜெயமலாவாகியிருந்தாள். இரண்டும் ஒரே ஆள்தான் என்று தோட்டத்து ஆபீசிலிருந்து ஒரு கடிதம் பதினாறு நாளுக்குள் வேண்டும் என்றார்கள். அவள் ஆபீஸ் வாசலுக்குப் பதினொரு தடவை போனாள். சிவசாமி ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் துரை வருகிறார் என்றார். ஒருநாள் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, “ஒரு எழுத்துதானே புள்ள, அதுக்கு ஏன் இவ்வளவு அவசரப்படுற” என்றார். பதினோராம் தடவை அவர் லீவில் போயிருந்தார். பதினாறு நாள் முடிந்தது.

அடுத்த தடவை ஆசிரியர் எடுத்தபோது உயர்தரம் வேண்டும் என்றார்கள். அம்மா ராசம்மா கொழுந்து பறித்துப் படிக்கவைத்தது சாதாரண தரம் வரைதான். ஜெயமலர் ஹட்டனில் புடவைக் கடையில் துணி மடித்தாள். பிறகு மாடிக்கு வந்தாள். அவளோடு நேர்முகத்துக்குப் போன ஒருத்தி இப்போது ஒரு பள்ளிக்கு அதிபர். பஸ்ஸில் பார்த்தால் பக்கத்தில் இடம் பிடித்துக் கொடுப்பாள். அது இன்னும் மோசமாக இருக்கும்.

ஆகவே அந்த இரண்டாவது ‘எல்’.

முதல் வெள்ளிக்கிழமை பதினொன்று பத்துக்கு அவள் ஏழாம் எண்ணைத் திறந்து பார்த்தாள். எண் சாம்பல் நிறத்திலேயே இருந்தது. உள்ளே ஆங்கில எழுத்தில் தமிழ் வந்திருந்தது: அப்பா? இருக்கீங்களா? அவள் எழுந்துபோய்க் கீழே பார்த்தாள். டீக்கடை பெஞ்சில் சிவசாமி உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்ப்பதும் உள்ளே வைப்பதுமாக இருந்தார். மேலே வந்து காத்திருக்க அவருக்கு மனமில்லை. மகள்தான் முதலில் பேச வேண்டும். பேசினால் ஏறி வருவார். ஆறு வருடமாக அப்பனும் மகளும் பேசவில்லை. மஸ்கெலியாவிலிருக்கும் அவருடைய தங்கைதான், ஷாமிலா வெள்ளிக்கிழமைகளில் நெட்டுக்கு வருகிறாள் என்று சொல்லி முகவரியை வாங்கிக் கொடுத்து, இவருடையதை அவளுக்கும் அனுப்பியிருந்தாள்.

ஒரு மணிக்கு அவர் மேலே வந்தார்.

“பேசலியா?”

“நம்பர் செவக்கலைங்களே ஐயா.”

“மிசின் சரியாத்தான் வேலை செய்யுதா?”

“மிசினுக்கு என்னங்க. அடுத்த வெள்ளி வாங்க.”

இன்னும் பத்து என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அன்று பகல் சாப்பாட்டை ருசித்துச் சாப்பிட்டாள்.

மூன்றாம் வெள்ளியன்று வந்த வரிதான் இடறியது. அப்பாவுக்கு இன்னும் கோபமா?

அந்தப் பெண் தனக்கு ஒன்றும் செய்யவில்லை என்பது ஜெயமலருக்கு அப்போதுதான் உறைத்தது. தட்டினாள்: நான் கடையில வேலை செய்றவ. ஒங்க அப்பா கீழே பெஞ்சுல இருக்காரு. கூப்பிடவா?

பதில் வந்தது.

எவ்வளவு நேரமா இருக்கார்?

பதினொண்ணுல இருந்து.

போன வாரம்?

போன வாரமும். அதுக்கு முந்தின வாரமும்.



கூப்பிட வேண்டாம் அக்கா. இருக்கட்டும்.

அதன் பிறகு கதை அவளிடமிருந்தே வந்தது. லயத்துப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்று, மஸ்கெலியா கடைத்தெருவில் அத்தனை பேர் முன்னாலும் ‘எனக்கு மகளே இல்லை’ என்று சொன்னவர் அப்பா. மாப்பிள்ளையின் தகப்பனை வேலை நேரத்தில் ஆபீசுக்குக் கூப்பிட்டு வாசலிலேயே நிற்கவைத்தவர். புருஷனும் பெண்டாட்டியும் டோஹாவுக்குப் புறப்பட்ட நாளில் ஸ்டேஷனுக்கு வருவார் என்று ஷாமிலா ரயில் நகரும்வரை பார்த்திருக்கிறாள். வரவில்லை.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைகள் இரண்டு பெண்களுக்கும் சொந்தமாயின. கடை நம்பரையும் ஷாமிலா வாங்கி வைத்துக்கொண்டாள்.

இப்ப என்ன செய்றார்?

ரெண்டாவது பிளேன்டி. சீனிய வாயில போட்டுக் கடிக்கிறாரு.

சீனி வருத்தம் இருக்கே அவருக்கு.

அதச் சொல்லத்தான் கூப்பிடவா?

வேண்டாம். கடிக்கட்டும்.

இன்னொரு வாரம், பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவனிடம் மகள் வெளிநாட்டில் பெரிய வேலையில் இருப்பதாக அவர் சொன்னதை, கீழே டீ வாங்கப் போன சின்னராசா கேட்டு வந்து சொன்னார். ஜெயமலர் அதையும் தட்டி அனுப்பினாள். பெரிய வேலையா, ஹோட்டல்ல துணி தோய்க்கிறேன் அக்கா என்று பதில் வந்தது.

எட்டாம் வெள்ளி மழை. பதினொன்று அடிக்குமுன்பே ஷாமிலா வந்துவிட்டாள்.

அக்கா, நேத்து டொக்டர்கிட்ட போனோம். ரெண்டு மாசம். அப்பாவக் கூப்பிடுங்க.

ஜெயமலர் கீழே பார்த்தாள். சாரல் அடிக்கும் பெஞ்சில், விரித்த குடையைக் கால்களுக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு சிவசாமி இருந்தார். எட்டு. இன்னும் மூன்று இருந்தது.

இன்னைக்கு வரல, என்று தட்டினாள்.

வராம இருக்கமாட்டாரே.

மழை. அதனால இருக்கும்.

உடம்புக்கு ஏதாவதா? அந்தச் சீனி வருத்தமா?

ஜெயமலர் ஏழாம் எண்ணை விட்டு இரண்டாம் எண்ணுக்குப் போனாள். கடை போன் அடித்தது. அந்தக் குரலை அவள் அதுவரை கேட்டதில்லை. நினைத்ததைவிடச் சின்னக் குரல்.

“அக்கா, நான் ஷாமிலா. மேலருந்து பெஞ்சு தெரியும்னு சொன்னீங்களே. இன்னொரு தடவ எட்டிப் பாருங்க.”

எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

“இருக்காரு.”

“இப்பத்தான் வந்தாரா?”

“இல்ல. காலையிலருந்து இருக்காரு. நான் பொய் சொன்னேன்.”

“ஏன் அக்கா?”

“எனக்கும் அவருமேல கோவம் இருக்கு. நீ சொல்லித்தான் நான் கூப்பிடலன்னு நெனைக்காத. நீ சொல்றதுக்கு முன்னாலயே நான் கூப்பிடல. ஒம் பேரையே தப்பா அடிச்சுத்தான் வச்சிருக்கேன்.”



“அத அவருகிட்ட சொல்லுங்க” என்றாள் ஷாமிலா. “எங்கிட்ட ஏன் சொல்றீங்க. எனக்கு இப்ப அப்பா வேணும்.”

ஜெயமலர் தன் கைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். அவளைக் கண்டதும் சிவசாமி எழுந்துவிட்டார்.

“செவந்திருச்சா?”

“ஒக்காருங்க. இப்ப ஒங்க மக இந்த போனுக்கு எடுப்பா. அதுக்கு முன்னால ஒண்ணு கேட்டுக்கங்க. எட்டு வாரமா அவ வந்துகிட்டுதான் இருந்தா. நாந்தான் ஒங்களுக்குச் சொல்லல.”

அவர் விளங்காமல் பார்த்தார்.

“தொண்ணூத்தொம்பதுல டீச்சர் வேலைக்கு ஒரு கடிதம் கேட்டு ஒங்க ஆபீசுக்குப் பதினொரு தடவ வந்தேன். ஜெயமலர்.”

“எந்த டிவிஷன் புள்ள நீ?”

“மேல் டிவிஷன். ராசம்மா மக.”

“மேல் டிவிஷன்ல மூணு ராசம்மா இருந்தாங்களே.” அவர் உண்மையாகவே தேடிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. “கடிதம் கேட்டு தெனம் பத்துப் பேரு வருவாங்க. யாரு எவருன்னு இப்ப எப்பிடிம்மா ஞாபகம் வரும்?”

அவர் நடிக்கவில்லை. அது ஜெயமலருக்குத் தெரிந்தது. ஒன்பது வருடம் அவள் தினமும் நினைத்த முகத்துக்கு அவளைப் பற்றி ஒரு நினைவும் இல்லை. கேட்பதற்கென்று எடுத்து வைத்திருந்த அத்தனையையும் அந்த மூன்று ராசம்மாக்கள் மறித்துவிட்டார்கள்.

கைபேசி அடித்தது. பிடித்த பிடியை அவள் உடனே விடவில்லை. நான்காவது மணிக்குக் கொடுத்தாள். சிவசாமி முதுகைத் திருப்பிக்கொண்டு, “ஷாமி” என்றார். அதற்குப் பிறகு வெகுநேரம் தலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ஜெயமலர் போனுக்காக டீக்கடைத் தாழ்வாரத்தில் நனைந்துகொண்டு நின்றாள்.

மேலே வந்ததும் கோப்பைத் திறந்து அந்த அதிகப்படி ‘எல்’லை அழித்தாள். சேமிக்கப் போனவள் நின்று, அதே வரியின் முடிவில் தொள்ளாயிரம் என்று ஓர் எண்ணைச் சேர்த்தாள். விதியிலும் ஒரு வரி கூடியது: எண் இருந்தால், அத்தனை விநாடி கழித்துச் சிவக்கட்டும்.

இப்போது ஷாமிலா வெள்ளிக்கிழமை பதினொன்றுக்கு வருவாள். வாந்தி, வேலை இடத்து வெயில், ஜெயமலரின் அம்மாவுக்கு முழங்கால் வலி என்று கால் மணி நேரம் இருவரும் பேசுவார்கள். பிறகு ஏழு சிவக்கும். மிஸ்ட் கோல் போகும். சிவசாமி மூச்சு வாங்க மாடியேறி வருவார். இவ்வளவு நேரம் ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

“அந்தக் கால் மணி நேரத்த எடுத்துரலாமே அக்கா” என்று ஷாமிலா ஒருமுறை போனில் கேட்டாள்.

“எடுக்கலாம்” என்றாள் ஜெயமலர். “நான் எந்த ராசம்மாவோட மகள்னு அவரு வந்து சொல்லட்டும்.”