வேர் இல்லாத காளான்

புற்று மண்ணுக்குள்ள விரலை விட்டா சில்லுன்னு இருக்கும். மேலே ஆவணி வெயில் சுடும், உள்ளே கை மட்டும் குளிரும். காளானோட தண்டைப் பிடிச்சுக்கிட்டே விரலை இறக்கணும்... முழங்கை வரைக்கும் மண்ணுல போயிடும். வேர் மாதிரி நீளமா வால் ஒண்ணு கீழே போய்க்கிட்டே இருக்கும். அது அறுந்துடாம முழுசா வெளியே வந்தா ஒரு சந்தோஷம் பாருங்க!

அறுபத்தி நாலோ அறுபத்தி அஞ்சோ... எனக்கு அப்பதான் கல்யாணம். அவருக்கு விழுப்புரத்துல ரயில்வே வேலை. குவார்ட்டர்ஸ் கிடைக்கிற வரைக்கும் நான் ஒலக்கூர் பக்கத்துல மாமியார் வீட்டுல. நான் திண்டிவனம் டவுன்காரி. காளானைக் கண்ணால பார்த்ததே அங்கேதான்.

வீட்டுல என் ஓரகத்தி அஞ்சலை. அவரோட அண்ணன் சம்சாரம். வயசுல என்னைவிட ஒரு வருஷம் சின்னவ, முறையில மூத்தவ. அதனால அவளை நான் அக்கான்னு கூப்பிடணும், அவ என்னை வாடி போடின்னு கூப்பிடுவா. எனக்கு உள்ளுக்குள்ள எரியும்.

இடி இடிச்சு மழை பெஞ்சா மறுநாள் விடியக்காலையில ரெண்டு பேரும் கூடையோட கிளம்பிடுவோம். அவ சொல்றது ரெண்டே விஷயம்தான். "புத்துல மொளச்சதுதான் நமக்கு. புல்லுல, குப்பமேட்டுல நிக்கறது எவ்ளோ அழகா இருந்தாலும் தொடாத." அப்புறம், "வேரோட வூட்டுக்கு எடுத்துக்கினு வா, நீள வேரு இருந்தாதான் புத்துக் காளான். இன்னொருத்தர் பார்த்தப்புறம்தான் வேரைக் கிள்ளணும்."

அந்த வீட்டுல அது சட்டம். மாமியார் எடுத்து வந்தாலும் அஞ்சலை பார்க்கணும், அஞ்சலை எடுத்து வந்தாலும் மாமியார் பார்க்கணும். எனக்கு என்னவோ பெரிய அலட்டலா தெரிஞ்சுது.

ஒரு சனிக்கிழமை... சாயங்காலம் பாசஞ்சர்ல அவர் வர்றார். நானே பறிச்சு நானே வச்ச குழம்பை அவர் சாப்பிடணும்னு ஆசை. மாமியார் சந்தைக்குப் போயிருந்தாங்க, அஞ்சலை மல்லாட்டைக் கொல்லையில, அதான் வேர்க்கடலைக் கொல்லையில, களை எடுக்கப் போயிருந்தா. நான் தனியா கிளம்பிட்டேன். புற்றுல கொஞ்சம் கிடைச்சுது, கூடை நிறையல. பக்கத்து வரப்புப் புல்லுல பளபளன்னு பெரிய பெரிய குடையா நின்னுது. அதுவும் காளான்தானேன்னு பிடுங்கிட்டேன். கீரை ஆய்ற மாதிரி எல்லாத்தோட அடியையும் அங்கேயே கிள்ளி எறிஞ்சு, சுத்தமா கொண்டு வந்தேன். டவுன்காரி புத்தி!

எங்க அம்மா கொடுத்த பழைய வெள்ளிக் காசு ஒண்ணை சட்டியில போட்டுக் கொதிக்க விட்டேன். விஷமா இருந்தா கறுக்கும்னு டவுன்ல சொல்லுவாங்க. கறுக்கல. எனக்கு ஒரே பெருமை.

குழம்பு வாசனைக்கு அஞ்சலையோட பொண்ணு வள்ளி, நாலு வயசு, தட்டைத் தூக்கிக்கிட்டு வந்து உட்கார்ந்துட்டா. களி போட்டு குழம்பு ஊத்தினேன். அந்த நேரம் அஞ்சலை உள்ளே வர்றா.

"இன்னாடி கொழம்பு?"

"காளான்க்கா. நானே பறிச்சேன்."

"வேரு எங்க?"

"அங்கயே கிள்ளிப் போட்டுட்டேன்."

"எந்தப் புத்துல?"

"புத்துலயும்தான்... வரப்புலயும் கொஞ்சம் இருந்துச்சு. காசு போட்டுப் பார்த்தேங்க்கா, கறுக்கவே இல்ல."

"காசுக்கு இன்னாடி தெரியும்?"

வள்ளி கையில எடுத்த களி உருண்டையை அஞ்சலை தட்டி விட்டா. குழந்தை வாயைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தா, ஒண்ணும் இல்லை. குழம்பை எருக்குழியில கொட்டி, கோழி கிளறாம மண்ணைத் தள்ளி மூடினா. மண்சட்டியையும் போட்டு உடைச்சா. என்னை ஒரு வார்த்தை திட்டல.

நான்தான் குமுறிக் குமுறி அழுதேன். வள்ளிக்காக இல்லைங்க, என் குழம்பு போச்சேன்னு. அவ்வளவு முட்டாள்.

மாமியார் வந்து உடைஞ்ச சட்டியைப் பார்த்துட்டு ஆரம்பிச்சாங்க. அஞ்சலை முந்திக்கிட்டா. "இவ வச்ச கொழம்ப இறக்கும்போது என் கை வழுக்கிடுச்சு அத்த. எல்லாம் கொட்டிப் போச்சு." அன்னைக்கு அவ வாங்கின வசவு கொஞ்சநஞ்சம் இல்லை. 'வந்தவ ஆசையா செஞ்சதை வயித்தெரிச்சல்ல கொட்டிட்டியா'ன்னு கூட கேட்டுட்டாங்க. நான் பக்கத்துலயே நின்னேன். வாயைத் திறக்கல. சாயங்காலம் அவர் வந்து மோர் ஊத்திக் களி சாப்பிட்டார்.

இப்போ மகன் வீட்டுல காளான் பிளாஸ்டிக் டப்பாவுல வருது. வெள்ளை வெளேர்னு, அடி வெட்டி. மருமக பிரிச்சு பத்து நிமிஷத்துல மசாலா பண்ணிடறா. இன்னொருத்தர் பார்க்கணும்ங்கற அவசியமே இல்லை. நல்லதுதான்... ஆனா சாப்பிட உட்கார்ந்தா ஒரு நிமிஷம் வாசல் பக்கம் பார்க்கிறேன். (இதைப் படிச்சுட்டு யாரும் காட்டுக் காளான் பறிக்கப் போயிடாதீங்க, புண்ணியமாப் போகும்.)

வள்ளி இன்னைக்குப் பேரன் எடுத்துட்டா. அவளுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. அந்தக் குழம்பு நல்லதா கெட்டதான்னு எனக்கும் இதுவரைக்கும் தெரியாது.

அத்தை, சட்டி கை வழுக்கி விழல. தப்பு என்னோடது. இதோ, இத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டேன். கேட்க வேண்டிய அத்தையும் இல்லை, அஞ்சலை அக்காவும் இல்லை.