மானுவேலின் பதில் வர எடுத்த நேரம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். துப்புரவு வேலைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு உதவும் என்று நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தில் பல வருடங்கள் தரை துடைத்தேன். என் வீடு இருந்த ஹொல்ம்லியாவில் இருந்து காலை ரயிலில் போவேன். இரண்டாம் மாடியில் மானுவேல் இருந்தார். சிலி நாட்டுக்காரர். இலங்கையில் இருந்து வந்த எங்களைப் போல அகதியாக வந்து, இங்கே பஸ் ஓட்டியவர். பார்கின்சன் நோய். கை நடுங்கும், முகத்தில் சிரிப்பு வராது. கோபக்காரர் என்று மற்றவர்கள் ஒதுங்கிப் போவார்கள்.

நான் கதவடியில் நின்று, தெரிந்த அளவு நோர்வேஜிய மொழியில், "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்பேன். பதில் வராது. கட்டிலடி துடைத்து, ஜன்னலுக்குக் கிட்டப் போகும்போது குரல் வரும்.

"இங்கை தாற அந்த மீனைச் சாப்பாடெண்டு சொல்லாதேங்கோ."

முகம் அப்படியே இருக்கும். இரண்டு பேருக்குமாக நான் சிரிப்பேன். அந்தக் காலைகளை இப்போதும் நினைப்பேன்.

பனி கொட்டிய ஒரு மாரிகாலம் அவர் மிகவும் சோர்ந்து போனார். "ஏன் துடைக்கிறீங்கள்? நான் இதிலை நடக்கப் போறேல்லை" என்றார்.

அந்த வாரம், பொறுப்புத் தாதியாக இருந்த பெரித் என்பவர் மானுவேலுக்கு ஞாபகப் பரிசோதனை செய்தார். நான் அவருடைய அறையோடு சேர்ந்த குளியலறையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"இது என்ன மாதம்?"

பேச்சில்லை.

"இது என்ன நகரம்?"

"பெப்ரவரி."

"நூறிலை ஏழு போனால்?"

"ஒஸ்லோ."

பெரித் பதில் எழுதிய தாளை மடித்துக்கொண்டு எழுந்தார். "பாவம், கீழ்மாடிக்கு மாத்தவேணும்" என்று வெளியே யாரிடமோ சொன்னது கேட்டது. கீழ்மாடி, நினைவு தப்பியவர்களுக்கான பூட்டிய பகுதி.

அறையில் மானுவேல் மெதுவாகச் சொன்னார்: "தொண்ணூற்று மூன்று."

நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். சரிதான்.

பெரித்துக்கு வணக்கம் சொல்வதற்கு மேல் நான் வாய் திறந்ததே இல்லை. அன்று தரை துடைக்கும் மொப்போடு பெரித்தின் அறை வாசலில் போய் நின்றேன்.

"என்ன, தரை கழுவிற சவர்க்காரம் முடிஞ்சுதோ?"

"இல்லை. மானுவேல் எல்லாம் சரியாத்தான் சொன்னவர். நீங்கள் கெதியா அடுத்ததைக் கேட்டுப் போட்டியள்."

என் காது சுட்டது. பெரித் தாளைத் திரும்ப விரித்துப் பார்த்தார். ஒவ்வொரு பதிலையும் விரலால் ஒரு கேள்வி மேலே தள்ளிப் பார்த்தார்.

"நீங்கள் எவ்வளவு நேரம் பொறுப்பீங்கள்?"

"கதவிலையிருந்து ஜன்னல் வரைக்கும் துடைக்கிற நேரம்."

பிறகு ஸ்பானிய மொழிபெயர்ப்பாளரை வைத்து, அவசரப்படாமல் ஆறுதலாகப் பரிசோதித்தார்கள். நினைவு தப்பவில்லை, யோசனைதான் மெதுவாகிவிட்டது, அதோடு மனச்சோர்வும் இருக்கிறது, இந்த நோயே அதைக் கொண்டுவரும் என்று டாக்டர் சொன்னாராம். மருந்து கொடுத்தார்கள். எல்லாம் மாறிவிடவில்லை. சில நாள் ஒரு சொல்லும் பேசமாட்டார். ஆனால் கடைசிவரை அந்த அறையிலேயே இருந்தார்.

நான் படித்தது இவ்வளவுதான்: ஒருவரிடம் கேள்வி கேட்டால், பதில் வரும்வரை அங்கேயே நில்லுங்கள்.

நோயைப் பற்றி எழுதியது காதால் கேட்டது. தாதி வேலை தெரிந்த யாராவது பார்த்து, பிழை இருந்தால் திருத்திவிடுங்கள்.