குடுவைச் செடிக்கு ஒரு பிடி உரம்

என் மனைவிக்கு அவள் வேலை பார்க்கும் மருத்துவமனையில் ஈக்காரம்மா என்று பெயர். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் யார் ஈ அடித்தாலும் அவளுக்கென்று ஒரு காலிச் சீசாவில் போட்டு வைப்பார்கள். வீட்டுப் பால்கனியில் தொங்கும், பூச்சி தின்னும் குடுவைச் செடிக்கு அதுதான் தீனி. ஏழு வருடச் செடி, ஒவ்வொரு குடுவையும் ஒரு சாண். குழாய்த் தண்ணீர் அதற்கு ஆகாது. பேட்டரிக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்றுவாள். என் டீ ஆறிப்போனால் மட்டும் கேட்க நாதியில்லை.

பித்தப்பை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஒரு மாதம் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். இங்கே சமைத்துப் போட என் அக்கா வந்திருந்தாள். மனைவி திரும்பியபோது செடி இல்லை.

"பட்டுப்போச்சும்மா. தூக்கிப் போட்டுட்டேன்" என்றாள் அக்கா. மனைவி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆறு மாதம் கழித்து அக்கா வீட்டுக்குப் போனோம். கை கழுவக் குளியலறைக்குள் போன மனைவி என்னையும் கூப்பிட்டாள். ஜன்னல் மேடையில் அதே செடி. தண்டு சாயாமலிருக்க அவள் கட்டிய, காயத்துக்குச் சுற்றும் காஸ் துணிகூட அவிழவில்லை. குடுவைதான் ஒன்றும் இல்லை.

"இது எப்ப வாங்குனீங்க அண்ணி?"

பின்னால் வந்து நின்ற அக்கா தடுமாறினாள். "போன மாசம். கடையில. குடுவையே வரமாட்டேங்குது. என்ன செய்யணும்மா?"

மனைவி சிரித்தாள்.

"பசியா இருக்கும் அண்ணி. ரோஜாவுக்குப் போடுற உரத்தை வேர்ல போடுங்க. வாரம் ஒரு பிடி."

வண்டியில் சொன்னாள்: "சத்தில்லாத மண்ணுலதான் அது வாழும். உரம் பட்டா வேர் கருகிடும். எனக்கு இல்லாதது அவங்களுக்கும் வேண்டாம்."

அக்காவை நான் எச்சரிக்கவில்லை. ஞாயிறுதோறும் அக்கா போனில் அழுது புலம்புவாள், இலை நுனி கருகுது என்று. "முதல்ல அப்படித்தான் இருக்கும். இன்னொரு பிடி போடுங்க" என்பாள் இவள். போனை வைத்ததும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கழுவுவாள்.

ஐந்தாவது வாரம் அக்கா தொட்டியைத் தூக்கிக்கொண்டு நேரில் வந்துவிட்டாள். கண் வீங்கியிருந்தது.

"இது உன் செடிதாம்மா. நீ இல்லாதப்போ குழாய்த் தண்ணி ஊத்தி வாட விட்டுட்டேன். உன்கிட்ட சொல்ல பயம். எப்படியாவது பிழைக்க வச்சு, ஒரு குடுவை வந்ததும் கொண்டாந்து கொடுத்துடலாம்னு நினைச்சேன். நீ சொன்னபடிதான் உரம் போட்டேன். அப்படியும் காப்பாத்த முடியல."

மனைவி நகத்தால் தண்டைக் கீறிப் பார்த்தாள். உள்ளே துளிப் பச்சை இல்லை.

அக்கா போனதும் என்னிடம் கேட்டாள், "அவங்க பொய்தானே சொல்றாங்க?"

இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் நிம்மதியாகிவிடுவாள். சொல்ல மாட்டேன். என் அக்காவை ஐந்து வாரம் அழவைத்தவள் அவள்.