கோயிங் டு எழுத மறுத்த பரிமளா

பரிமளாவைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. அவள் முகத்துக்கு நேராகவே இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆரணியில் பதினைந்து வருஷம் பட்டுத் தறியில் உட்கார்ந்தவள், 2003இல் செய்யாறு பக்கம் பைகளுக்கு நாடா நெய்யும் கம்பெனியில் சேர்ந்தாள். நான் கன்னியம்மாள். சேவூரில் அதே கம்பெனி பஸ்ஸில் ஏறுவேன். நெய்த நாடாவைச் சுருட்டிக் கட்டுவது என் வேலை. பஸ்ஸில் பக்கத்து சீட், கேன்டீனில் ஒரே பெஞ்சு, அப்படித்தான் எங்கள் பழக்கம்.

அடுத்த வருஷமே அவளை ஷிஃப்ட் லீடராகப் போட்டார்கள். அங்கே ஒரு பெண் லீடரானது அதுதான் முதல் தடவை. மூன்று மாதம் சோதனைக் காலம். தேறினால் நிரந்தரம், இல்லாவிட்டால் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். தறி ஓட்டுவதில் அவளை யாரும் அசைக்க முடியாது. ஆனால் ஷிஃப்ட் முடியும்போது இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுத வேண்டும், அதுதான் பேஜார். எங்கள் இன்ஜினியர் புனேக்காரர். ‘சாப்பாடு’ தவிர அவருக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது.

பரிமளா விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரணியில் ஒரு போட்டோ ஸ்டுடியோ மாடியில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு ஓடினாள். படித்ததையெல்லாம் பஸ்ஸில் என் தூக்கத்தைக் கெடுத்து ஒப்பித்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஒன்றைத் தவிர. இனி நடக்க இருப்பது எதுவானாலும் ‘வில்’ என்றுதான் எழுதுவாள். ‘கோயிங் டு’ வரவேண்டிய இடத்திலும் வில்தான். தெரியாமல் இல்லை, வேண்டுமென்றே.

“அது இன்னாடி, கோயிங் மேல உனக்கு அவ்ளோ கோவம்?” என்று கேட்டேன்.

“எங்க வூட்ல வெளிய கெளம்பறப்பகூட போறேன்னு சொல்ல மாட்டோம், வரேன்னுதான் சொல்வோம். சோறு போடற தறியப் பாத்து நிக்கப் போவுது, ஒடையப் போவுதுன்னு என் கையால எழுதச் சொல்றியா?”

“இரும்புத் தறிக்கு இங்கிலீஷ் தெரியுமாடி?”

“எனக்குத் தெரியுது இல்ல?”

இவளிடம் யார் பேசுவது? ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிவிட்டேன்.

இரண்டாவது மாதம் ஒன்பதாம் நம்பர் தறியில் ஏதோ தேய்கிற சத்தம் கேட்டிருக்கிறது. ‘லூம் நைன் வில் ஸ்டாப்’ என்று எழுதி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். இன்ஜினியர் அதைப் படித்துச் சிரித்தாராம். அன்று சாயங்காலமே தறி நின்றுபோனது. மறுநாள், முன்கூட்டியே ஏன் சொல்லவில்லை என்று எல்லோர் எதிரிலும் அவளைத் திட்டினார். எழுதினேனே என்று நோட்டைக் காட்டினாள். அவர் இன்னும் கத்தினார். ஸ்டோர் கிளார்க் குப்புராஜ்தான் எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

“ஏம்மா, எல்லாத் தறியும் ஒரு நாள் நிக்கும், நானும் ஒரு நாள் சாவேன், அதையெல்லாம் ரிப்போர்ட்ல எழுதுவாங்களான்னு கேக்கறாரு. மழை வரும்னு உக்காந்துகினு யார் வேணா சொல்லலாம். மேகம் கருத்துகினு வந்தா இன்னா சொல்வ? மழை வரப்போவுதுன்னுதானே? அந்த மாதிரி அறிகுறி கண்ணுக்குத் தெரிஞ்சா கோயிங் டு. சும்மா மனசுல பட்டா வில். இன்னொரு வாட்டி இப்படி எழுதனா லீடர் வேலை கெடையாதுன்றாரு.”

அன்று அவள் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. எத்தனை பேர் வாயைப் பிளக்க அந்த இடத்துக்கு வந்தவள்! “ஒரு வார்த்தைக்காக வேலைய வுட்டுடுவியா?” என்றேன்.

“வேலைய வுட மாட்டேன்.”

“அப்ப எழுது.”

“அதையும் எழுத மாட்டேன்.”

எக்கேடோ கெட்டுப் போ என்று அன்று பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

சோதனைக் காலத்தின் கடைசி வாரம். ஏற்றுமதி அவசரம், மேனேஜரைக் கேட்காமல் எந்தத் தறியையும் நிறுத்தக் கூடாது என்று உத்தரவு. பதினாலாம் நம்பர் தறியில் அம்மணி நின்றிருந்தாள். களம்பூர்ப் பெண், கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகிறது. மதியம் ஒரு மணி வாக்கில் பரிமளா அந்தத் தறியிடம் வந்தவள் நகரவே இல்லை. எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல்தான். அவள் காதுக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. குனிந்து பார்த்தாள். நாடாவை அடிக்கும் இரும்புக் கையில் மயிரிழை போல விரிசல். உடைந்து தெறித்தால் நேரே அம்மணியின் முகத்துக்குத்தான் வரும்.

நோட்டை எடுத்தாள். நான் எட்டிப் பார்த்தேன். ‘லூம் ஃபோர்ட்டீன் இஸ் கோயிங் டு பிரேக்.’ அவசரத்தில் எழுத்தெல்லாம் கோணல். ஓடிப்போய் இன்ஜினியர் மேஜையில் வைத்தாள். அவர் படித்ததும் சிரிக்கவில்லை, உடனே போனை எடுத்தார். மேனேஜர் லைன் கிடைக்கவில்லை. ஒரு நிமிஷம் பொறு என்று கையைக் காட்டினார்.

“நோ சார். ஐ வில் ஸ்டாப்.”

நின்ற இடத்தில் அந்த நொடியே எடுக்கும் முடிவுக்கு ‘வில்’தான் சரி என்று குப்புராஜ் பிற்பாடு விளக்கினார். அவள் இலக்கணம் பார்த்தா பேசினாள்? ஓடி வந்து அம்மணியை இழுத்துத் தள்ளிவிட்டு, சிவப்பு பட்டனை அழுத்தினாள். பின்னாலேயே வந்த இன்ஜினியர் அந்த இரும்புக் கையைப் பிடித்து லேசாக அசைத்தார். இரண்டு துண்டாக அவர் கையோடு வந்தது. அம்மணி தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

மேனேஜர் வந்தார். யார் நிறுத்தியது என்று இங்கிலீஷில் அதட்டினார். இன்ஜினியர் வாயைத் திறப்பதற்குள் பரிமளா முன்னால் வந்து நின்றாள்.

“ஐ ஸ்டாப்ட் இட், சார்.”

குரலில் ஒரு பிசிறு இல்லை. இன்ஜினியர் இரண்டு துண்டையும் மேனேஜரிடம் நீட்டினார். அவர் துண்டுகளைப் பார்த்தார், அழுதுகொண்டிருந்த அம்மணியைப் பார்த்தார், திரும்பிப் போனார். சனிக்கிழமை பரிமளாவுக்கு நிரந்தர ஆர்டர் வந்தது.

அன்று பஸ்ஸில் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். சந்தோஷத்தில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “எழுத மாட்டேன்னு அந்த ஆட்டம் ஆடன, கடைசில எழுதிட்டியேடி!” என்று சீண்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. “தறிக்கு ஆவாது, தறிக்கு ஆவாதுன்னே பாத்துகினு இருந்தேன் கன்னிமா. தறிக்கு எதிர்ல ஒருத்தி நிக்கறாளே, அத நெனைக்கலியே நான்.”