எந்த முகத்துக்குக் கற்பூரம்

இன்று கற்பூரம் ஏற்றினேன். அந்த வாசனையில் சேலையூர் டிவி வீடு நினைவுக்கு வந்துவிட்டது. எண்பதுகளில் எங்கள் தெருவுக்கே அது ஒன்றுதான் டிவி. ஞாயிறு காலை மாயாஜாலத் தொடரில் இளவரசன் வந்ததும், அந்த வீட்டு அக்கா கற்பூரம் காட்டுவார். மாட்டுக்காரர் வீட்டுச் சிறுமியான நான் வாசற்படியோடு சரி.

ஒரு வாரம் மந்திரவாதி இளவரசனோடு உடம்பை மாற்றிக்கொண்டான். மறுவாரமும் அக்கா பழக்கத்தில் அதே அழகு முகத்துக்குத் தட்டை நீட்டினார்.

“அவனுக்குக் காட்டாதீங்கக்கா! உள்ள கீறது மந்திரவாதி!”

“மூஞ்சியப் பார்த்தா தெரியல? பேசாம நில்லு, இல்லேன்னா வூட்டுக்குப் போடி.”

“போமாட்டேன். அவன் இன்னா பண்றான்னு பாருங்க.”

திரையில் அந்த இளவரசன், பெற்ற தாயை எட்டி உதைத்தான். அக்காவின் கை அப்படியே நின்றது. அடுத்து, சிறைக்குள் மந்திரவாதியின் முகம் தாய்க்காக அழுதது.

“உள்ள வாடி. நீயே காட்டு.”

படியைத் தாண்டிப் போய், அந்தக் கோர முகத்துக்கு நிதானமாகச் சுற்றினேன். கூடமே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

இன்றும் தட்டைப் பிடித்தால் அதே நிதானத்தோடுதான் சுற்றுகிறேன்.