ஆசிரியை சொன்னதை நான் சொல்லவில்லை

என் மகளைப் பற்றி ஆசிரியை சொன்னதை மறைத்து, அதற்கு நேர் எதிரானதை அவளிடம் சொன்னவன் நான். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிறது. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

அப்போது அவள் ஏழாம் வகுப்பு. இங்கே டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோ நகரில், பள்ளிக்கூடத்தில் பெற்றோரையும் பிள்ளையையும் ஒன்றாக இருத்திப் பேசுவார்கள். அன்று மகளுக்குக் காய்ச்சல்; மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. தனியாகப் போனேன். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று முன்பே கேட்டிருந்தார்கள். வேண்டாம் என்றேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பது இன்னொரு தமிழருக்குத் தெரிந்துவிடுமே!

ஆசிரியை எனக்காக மெதுவாகப் பேசினார். மகளுக்கு விடைகள் தெரியும், கையைத்தான் உயர்த்துவதில்லை. அடுத்த ஆண்டிலிருந்து புள்ளிகள் போடுவார்கள். எழுதுவதற்கு மட்டுமல்ல, வாய் திறந்து கேட்பதற்கும் மறுத்துப் பேசுவதற்கும் சேர்த்து. வீட்டில் சாப்பிடும்போது உங்களோடு அவள் வாதாடட்டும் என்றார்.

எனக்கு எல்லாம் விளங்கியது. விளங்கவில்லை என்று தப்பவும் வழியில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகள் போர்வைக்குள்ளிருந்து கேட்டாள். "டீச்சர் என்ன சொன்னவா, அப்பா?"

"நீ நல்ல அமைதியான பிள்ளையாம். இப்பிடியே இருக்கட்டாம்."

ஏன் அப்படிச் சொன்னேன்? கேள்வி கேட்கப் பழகும் பிள்ளை முதலில் யாரைக் கேட்கும்? என்னைத்தானே... பதில் தெரியாமல் நான் விழிப்பதை அவள் பார்த்துவிடுவாள். அந்தப் பயத்துக்கு அடக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். கோழை!

அவள் அப்படியே இருந்தாள். எழுத்தில் நல்ல புள்ளி, பேச்சில் அடிமட்டம். ஒன்பதாம் வகுப்பில் எழுதிவிட்டார்கள்: ஜிம்னாசியம் என்கிற மேல்நிலைப் பள்ளிக்கு இவள் இன்னும் தயார் இல்லை. அந்த மூன்று வருடம் படிக்காமல் பல்கலைக்கழகம் இல்லை. மருத்துவம் என்பது அவளுடைய சின்ன வயது ஆசை.

சாப்பிடாமல் கிடந்தாள். "ஆராவது முதலே சொல்லியிருந்தா நான் கதைச்சிருப்பனே" என்று அழுதாள். நான் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்... அவ்வளவுதான் செய்தேன்.

போன கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு ஆசிரியையிடம் போனாள். ஏழாம் வகுப்பிலேயே உன் அப்பாவிடம் சொன்னேனே என்றார் அவர்.

மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரல் நடுங்கவில்லை. டேனிஷில் சொன்னாள்: "என்னுடைய அப்பா பொய் சொல்ல மாட்டார்."

ஆசிரியை என் பக்கம் திரும்பினார். காத்திருந்தார். இங்கே ஆசிரியர்கள் எந்தப் பிள்ளைக்கும் அப்படித்தான் காத்திருப்பார்களாம். நான் மேசையைப் பார்த்தேன். வாய் திறக்கவில்லை.

கடைசியில் அவரே சொன்னார், தான் சரியாக விளக்காமல் விட்டிருக்கலாம் என்று. என் பழியையும் அந்த மனுசி எடுத்துக்கொண்டார்!

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் என் தோளில் சாய்ந்தாள். "அப்பா, நான் இண்டைக்குக் கதைச்சனான், என்ன?"

"ஓம் பிள்ளை. நல்லாக் கதைச்சனீ."

ஒரு ஆசிரியையின் முன் அவள் முதன்முதலாகத் துணிந்து சொன்ன சொல் அது. நான் உண்மையைச் சொன்னால் அந்தச் சொல் பொய்யாகிவிடும். சொல்லாவிட்டால்... தன்னை எவரும் எச்சரிக்கவில்லை என்றே அவள் வாழ்நாள் முழுதும் நம்புவாள்.

இன்று காலையும் அவளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை.