கூர் நகரத்தில் இருந்த வடக்கு மதில்

2009 பங்குனி மாதம், ஒரு சனிக்கிழமை. சுவிஸில், காலை 8.50க்கு டீட்டிகோன் நிலையத்தில் ரயில் ஏறினோம். என் மடியில் துவாயால் சுற்றிய ஸ்கேனர். அக்காவின் மகள் அபிராமியின் முதுகுப்பையில் மடிக்கணினி. சூரிச் போய் அங்கிருந்து 9.37 ரயிலில் கூர் நகரம். ஏறக்குறைய நூற்றிருபது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். அரைக்கட்டண அட்டை இருந்தால் போய்வர நாற்பது பிராங்கு சொச்சம். போகிறவர்கள் இடப்பக்க யன்னலில் இருங்கள், இரண்டு ஏரிகளும் அந்தப் பக்கம்தான் வரும். எனக்கு வலப்பக்கம்தான் கிடைத்தது. இடப்பக்கத்தை மருமகள் கணினியோடு பிடித்துக்கொண்டாள்.

எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோவில் யாழ்ப்பாணத்தில், இராணுவம் வேலி போட்ட பகுதிக்குள் இருக்கிறது. இருக்கிறதா, இடித்துவிட்டார்களா என்பதே தெரியாது. தொண்ணூறில் ஊரோடு ஓடினோம், அதற்குப் பிறகு ஒரு குருவியும் உள்ளே போய்ப் பார்த்து வந்து சொல்லவில்லை. வன்னியில் அந்த மாதம் சனத்தின் தலையில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. மனிதர் சாகும் நேரத்தில் கோவில் படம் கேட்கிறதோ என்று யாரும் கேட்கலாம். வேலை முடிந்து வந்து தொலைக்காட்சிக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டிருப்பதைவிட இது மேல் என்று தொடங்கினோம், அவ்வளவுதான்.

வேலை இதுதான். ஊர்ச் சனம் வைத்திருக்கும் பழைய படங்களை எல்லாம் சேர்த்து, கோவிலைக் கணினியில் திரும்பக் கட்டி, சுவிஸ்காரருக்கும் காட்டுவது. கலியாணம், காதுகுத்து, தேர், எதுவானாலும் பின்னால் கோவில் தெரிந்தால் போதும். அபிராமி சூரிச்சில் கட்டடக்கலை படிக்கிறாள், இங்கேயே பிறந்தவள், கோவிலைக் கண்ணால் கண்டதில்லை. ஒரே தூணை நாலு படத்தில் நாலு பக்கமாகப் பார்த்தால், அந்தத் தூண் எங்கே நின்றது, எவ்வளவு உயரம் என்று கணினி கண்டுபிடிக்குமாம். கண்டுபிடித்தது! கிழக்கு வாசல் அப்படியே எழுந்து நின்ற அன்று, லாங்கன்தாலில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர் திரையைத் தொட்டுக் கும்பிட்டார். தெற்கு வந்தது, மேற்கு வந்தது. வடக்கு மட்டும் வெறும் ஓட்டை. கோவிலை அந்தப் பக்கம் திருப்பினால் வயிறு கிழிந்த பொம்மைபோல் இருந்தது. முகப்பில் நின்றுதான் எல்லோரும் படம் எடுப்பார்கள், வடக்கு வீதியில் ஆர் போய் நிற்கிறது?

ரயில் வாலன்சே ஏரிக்கரையில் போகும்போது பரிசோதகர் வந்தார். மடியில் இருந்த துவாய்ப் பொதியைப் பார்த்து, "பிள்ளைக்கு டிக்கெட் எடுக்கவில்லையா?" என்று ஜெர்மனில் பகிடி விட்டார். நாங்கள் சிரித்தோம். அவர் போனதும் அபிராமி ஒரு கேள்வி கேட்டாள்.

"மாமா, நாற்பத்தொரு வீட்டிலயும் கேட்டு முடிச்சாச்சு எண்டு தலைவர் சொன்னவர். இப்ப போற வீடு ஏன் அந்த லிஸ்ட்ல இல்லை?"

"லிஸ்ட் கோவில் திருவிழா உபயகாரரின்ர கொப்பியில இருந்து எழுதினது, பிள்ளை. காசு போட்டுச் செய்ய ஆருக்கு ஒருநாள் திருவிழா இருந்ததோ, அவையின்ர வீடுகள்தான் அதில இருக்கு."

"அப்ப திருவிழா இல்லாத ஆக்கள்?"

பதில் சொல்லச் சர்கான்ஸ் நிலையம் வரை நேரம் எடுத்தேன். சில குடும்பங்களுக்குக் கோவிலுக்குள் போக அனுமதி இல்லை என்றேன். அவர்கள் வடக்கு வீதியில், சங்கிலிக்கு வெளியே நின்றுதான் சாமி பார்ப்பார்கள். ஊர்ச் சனம் எல்லாரையும் கேட்டுவிட்டோம் என்று நாங்கள் சொல்லித் திரிந்தது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த வேலை. வேண்டுமென்று செய்யவில்லை. வடக்கு ஓட்டையாக நிற்கும்வரை அவர்கள் நினைவிலேயே வரவில்லை, அதுதான் இன்னும் கேவலம். அபிராமி மடிக்கணினியை மூடி முதுகுப்பைக்குள் வைத்தாள்.

10.52. கூர். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் தெருவின் முடிவில் மலை நிற்கிறது. தெற்கிலிருந்து வரும் சூடான காற்று அன்று வீசியது, பங்குனியிலும் மேல்சட்டையைக் கழற்ற வேண்டியிருந்தது. நகர பஸ்ஸில் பத்து நிமிடம். நான்கு மாடிக் கட்டடம், மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. கதவைத் திறந்தவர் தவராசா, ஐம்பத்தெட்டு வயது, என்னைவிட ஆறு வயது மூத்தவர், மருத்துவமனைச் சமையலறையில் வேலை.

"வாங்கோ. சப்பாத்தோட வரலாம், பரவாயில்லை."

அவருடைய மனைவி தேத்தண்ணியும் கேக்கும் கொண்டுவந்து வைத்தார். ஊரில் இவர்கள் வீட்டில் நாங்கள் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. நான் வேலை செய்கிற லாகரில், சாமான் கிடங்கில், உலகத்தில் உள்ள எல்லா நாட்டுக்காரனோடும் ஒரே கேத்தலில் கோப்பி குடிக்கிற என் கை, அந்தக் கோப்பையைத் தூக்க ஒரு கணம் பிந்தியது. தவராசா கண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்னொன்றும் அப்போதுதான் பிடிபட்டது: கதவடியிலிருந்து அவரை எந்த உறவுமுறையும் சொல்லிக் கூப்பிடாமலே கதைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் மூத்தவராக இருந்தாலும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம், இங்கே அது வாயில் வரவில்லை, வேறொன்றும் வரவில்லை.

படங்கள் பதினொன்று. தவராசாவின் தமையன் கொழும்பில் ஸ்டூடியோவில் வேலை செய்தவர், எழுபத்தைந்தாம் ஆண்டுத் தேருக்குக் கமெரா கொண்டுவந்து, வடக்கு வீதியில் நின்ற தங்கள் ஆட்களை எடுத்திருக்கிறார். தாய் பின்னாளில் கடிதத்தோடு சுவிஸுக்கு அனுப்பியிருக்கிறார். ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். முன்னால் சனம், இடையில் இரண்டு கட்டைகளுக்கு நடுவே தொங்கும் இரும்புச் சங்கிலி, அதற்குப் பின்னால் வடக்கு மதில் முழுவதும்! மணிக்கோபுரம், மதில்மேல் காக்கை, எல்லாம் தெளிவு. அபிராமி "ஐயோ மாமா!" என்று கை தட்டினாள்.

"முதல்ல உங்கட கோவிலைக் காட்டு பிள்ளை, பாப்பம்" என்றார் தவராசா.

அவள் கணினியைத் திறந்து கோவிலைச் சுழற்றினாள். கிழக்கு வாசலால் உள்ளே போனாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார்.

"உள்ளுக்கை இப்பிடியோ இருந்தது?"

"ஓம் அங்கிள். இது வசந்த மண்டபம்."

"எண்பத்தஞ்சில இஞ்ச வந்திட்டன். அதுவரைக்கும் நான் உள்ளுக்கை போகேல்லை. கோவிலை வேலிக்குள்ள அடைச்சவங்களில எனக்கும் கோவம்தான். ஆனா என்னத்தை அடைச்சவங்கள் எண்டு இண்டைக்குத்தான் காணுறன்." கொஞ்சநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஆக்கள் ஒருத்தரும் இல்லையே?"

"ஆக்களை நாங்கள் வெட்டி எடுத்திடுவம் அங்கிள். கல்லு மட்டும்தான் நிக்கும்."

"அப்ப எங்களையும் வெட்டுவியளோ?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"படம் தாறன்" என்றார். "சங்கிலி இருக்கோணும். சங்கிலிக்கு இஞ்சால நிண்ட ஆக்களும் இருக்கோணும். இல்லையெண்டால் உங்கட கோவில் ஓட்டையோடயே இருக்கட்டும்."

வெளியே படிக்கட்டில் நின்று தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் குரல் பாதிப் படிக்கட்டுக்குக் கேட்டது.

"வெள்ளைக்காரன் பாக்கப் போற சாமான், அதில சங்கிலியைப் போட்டு ஊர் மானத்தைக் கப்பலேத்தப் போறியோ? ஓம் எண்டு சொல்லிப்போட்டுப் படத்தை எடுத்துக்கொண்டு வா. பிறகு வெட்டலாம். அவனுக்கு என்ன தெரியப்போகுது?"

அவன். வயதில் தலைவருக்கும் தவராசாவுக்கும் ஒரு மாதம்கூட வித்தியாசம் இராது. முதல்நாள்தான் இதே தலைவரும் நானும் சூரிச்சில் குளிரில் நின்று எங்கள் சனத்துக்கு நியாயம் கேட்டுக் கத்தியிருந்தோம். தொண்டை இன்னும் கட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தது, தலைவரில் பாதி, என்னில் பாதி. "பிறகு கதைக்கிறன்" என்று வைத்துவிட்டு உள்ளே போனேன்.

"தலைவர் ஓம் எண்டு சொல்லேல்லை, அண்ணை" என்றேன். அண்ணை என்ற சொல் எப்படியோ வந்துவிட்டது. "உங்களுக்குத் தெரியாமல் வெட்டச் சொல்லுறார். நான் வெட்ட விடமாட்டன்."

தவராசா அண்ணை என் முகத்தையே பார்த்தார். பிறகு எழுந்து போய் ஒரு வெள்ளைத் தாளும் பேனையும் கொண்டுவந்தார்.

"நல்லது தம்பி. எழுதிக் கையெழுத்து வையுங்கோ. ஊரில எனக்கு வாயாலதான் எல்லாம் சொன்னவை. இது சுவிஸ்."

எழுதினேன்: சங்கிலியையும் ஆட்களையும் அகற்ற மாட்டோம். அபிராமியும் கீழே கையெழுத்து வைத்தாள், அவளே ஜெர்மனிலும் ஒரு வரி எழுதினாள். அண்ணை தாளை மடித்துக் குடும்பப் பத்திரங்களின் கோப்பில் போட்டார். அதன் பிறகுதான் ஸ்கேனரைத் துவாயிலிருந்து அவிழ்க்க விட்டார். ஒரு படத்துக்கு நாலு நிமிடம். ஒவ்வொரு படம் ஓடும்போதும் அவரும் மனைவியும் முகங்களைக் காட்டிப் பேர் சொன்னார்கள், அபிராமி எழுதிக்கொண்டாள். சிலர் செத்துவிட்டார்கள், சிலர் கனடாவில். இரண்டு பேர் வன்னியில், ஒரு மாதமாகச் செய்தி இல்லை. மத்தியானம் சோறு தந்தார்கள். ஆட்டிறைச்சிக் கறி உறைப்பு, இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன்.

நான்கு மணி கழிந்து ரயில் ஏறினோம். கூர் அழகான நகரம், பழைய தெருக்களில் ஒரு அடிகூட நடக்கவில்லை, போகிறவர்கள் அதற்கு ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். இந்தமுறை ஏரி என் பக்கம் வந்தது. கோவிலை விட்டு வந்து பத்தொன்பது வருடம், அன்றைக்குப் போல அதை ஒருநாளும் கிட்டத்தில் கண்டதில்லை. வடக்குப் பக்கம் தலைவருக்குப் பிடிக்காது. சங்கம் என்னைக் கழித்துவிடும், கழிக்கட்டும்.

அபிராமி புதுப் படங்களைக் கணினிக்குக் கொடுத்து முதல் ஓட்டத்தை ரயிலிலேயே விட்டாள். மதில் துண்டு துண்டாக எழும்பியது. பிறகு கட்டை, பிறகு சங்கிலி, பிறகு சங்கிலிக்கு வெளியே மங்கலாக மனிதர்கள். அவள் சங்கிலியைப் பெரிதாக்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தபோது அவளுக்கு என்மேல் இரக்கம் வந்திருந்தது.

"எழுபத்தஞ்சில நீங்கள் சின்னப் பிள்ளைதானே, மாமா?"

"இல்லைப் பிள்ளை" என்றேன். "பதினெட்டு வயசு. சங்கிலியைக் கட்டின ஆக்களில நானும் ஒருத்தன்."